பம்ப் போடும் சத்தம்: காரவன் தண்ணீர்க் கோளாறுகளைக் காதால் கண்டுபிடிப்பது

பழைய காரவன் (படுக்கை, சமையல் வசதியுள்ள இழுவை வண்டி) ஒன்றை வாங்கி, பக்கி என்று நாம் சொல்லும் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, டிசம்பர் லீவுக்குக் கடற்கரைப் பக்கம் கிளம்பும் தமிழ்க் குடும்பங்களை இப்போது டர்பனிலும் ஜொகன்னஸ்பர்கிலும் சாதாரணமாகப் பார்க்க முடிகிறது. ஆனால் இந்த வண்டியைப் பற்றிய கைப்பழக்கம் நம் வீடுகளில் அப்பா, தாத்தா வழியாக வந்ததில்லை. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியில் 1953-ல் வந்த தனி வசதிகள் சட்டம் 1990-ல் நீக்கப்படும் வரை நல்ல கடற்கரைகளும் முகாம் மைதானங்களும் பெரும்பாலும் வெள்ளையருக்கே. டர்பனில் இந்தியருக்கென்று ஒதுக்கிய சேட்ஸ்வொர்த்தில் வளர்ந்த பிள்ளைக்குக் காரவன் என்பது ரோட்டில் நம்மைத் தாண்டிப் போகிற ஒன்று, அவ்வளவுதான். அதனால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றதும் நமக்குத் தோன்றுவது ஒரே வைத்தியம்: பம்ப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது. பெரும்பாலும் அந்தப் பழைய பம்ப்பில் ஒரு குறையும் இருக்காது. வயரிலோ, காற்றிலோ, அடைப்பிலோ இருக்கும் கோளாறைத்தான் அது தன் சத்தத்தால் சொல்லிக்கொண்டிருக்கும்.

முதலில் தண்ணீர் போகும் பாதையை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தரைக்கு அடியிலோ இருக்கைக்கு உள்ளேயோ ஒரு டேங்க். அதில் நிரப்பும் வாய் ஒன்று, காற்று போய்வர ஒரு சின்ன மூச்சுக்குழாய். டேங்கிலிருந்து வரும் ஹோஸ் ஒரு சின்ன வடிகட்டிக்குள் நுழைந்து பம்ப்புக்குப் போகிறது. அது 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப். பம்ப்பின் தலையில் ஒரு ப்ரெஷர் சுவிட்ச் இருக்கும். குழாயை மூடினால் பைப்பில் அழுத்தம் ஏறி, பொதுவாக 2 முதல் 3 பார் (பார் என்பது அழுத்த அளவு) வந்ததும் சுவிட்ச் பம்ப்பை நிறுத்திவிடும். குழாயைத் திறந்தால் அழுத்தம் இறங்கி மறுபடி ஓடும். பம்ப்புக்குப் பிறகு பைப் இரண்டாகப் பிரிகிறது: ஒன்று பச்சைத் தண்ணீர்க் குழாய்களுக்கு, இன்னொன்று கீசர் வழியாக வெந்நீர்க் குழாய்களுக்கு. முகாமின் குழாயிலிருந்து நேராக ஹோஸ் மாட்ட வெளிப்பக்கம் ஒரு வாய் இருந்தால், அங்கே தண்ணீர் திரும்பி வெளியே போகாமல் தடுக்க ஒரு வால்வு இருக்கும்.

பழைய வண்டிகள் சிலவற்றில் இந்தப் பம்ப் கிடையாது. டேங்குக்குள்ளோ வெளியே வைத்த கேனுக்குள்ளோ மூழ்கிக் கிடக்கும் சின்ன பம்ப் ஒன்றும், குழாயின் அடியில் ஒரு குட்டி சுவிட்சும்தான். உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்குரூடிரைவரைக் கையில் எடுக்க வேண்டாம்.

குழாயைத் திறந்தால் சத்தமே இல்லை

இது மின்சாரக் கோளாறு. தண்ணீர்ப் பக்கம் போகவே வேண்டாம். சுவர்ப் பலகையில் பம்ப் சுவிட்ச் போட்டிருக்கிறதா, ஃப்யூஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்யூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். பெரியதைப் போட்டால் அடுத்து கருகப்போவது வயர்.

அடுத்து மல்டிமீட்டர். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பம்ப்பின் இரண்டு வயர்களிலும் 12.6 வோல்ட் காட்டுகிறது, ஆகவே மின்சாரம் சரி, பம்ப்தான் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குழாயை மூடி வைத்து அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை. குழாயைத் திறந்து, பம்ப் மின்சாரத்தை இழுக்க முயலும்போது அளக்க வேண்டும். அப்போது 12.6 என்பது 8, 9 என்று சரிந்தால் வழியில் எங்கோ ஒரு இணைப்பு துருப்பிடித்திருக்கிறது. டர்பன், மார்கேட், ரிச்சர்ட்ஸ் பே என்று கடலோரத்திலேயே நிற்கும் வண்டிகளில் சேசிஸில் முடுக்கிய எர்த் வயர்தான் எனக்கு முதல் சந்தேகம். உப்புக்காற்று அந்த இடத்தைப் பச்சை பூக்க வைத்துவிடும். கழற்றி, எமரித்தாளால் தேய்த்து, மறுபடி முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும்.

குழாய் திறந்திருக்கும்போதும் 12 வோல்ட்டுக்குக் குறையவில்லை, ஆனால் பம்ப் ஊமையாக இருக்கிறது என்றால் ப்ரெஷர் சுவிட்சைப் பாருங்கள். பம்ப் தலையில் இருக்கும் அந்தச் சின்ன சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் ஒரு நொடி இணையுங்கள். பம்ப் ஓடினால் சுவிட்சுதான் போயிருக்கிறது. பல மாடல்களுக்கு அது தனியாகவே கிடைக்கும். இணைத்தும் ஓடவில்லை என்றால் ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் மோட்டாரின் பக்கவாட்டில் லேசாகத் தட்டுங்கள். மாதக்கணக்கில் சும்மா நின்ற மோட்டாரில் கார்பன் பிரஷ் ஒட்டிக்கொள்வது உண்டு. தட்டியதும் ஓடினால் இந்தப் பயணத்துக்குத் தாங்கும், வீடு திரும்பியதும் மாற்றிவிடலாம். நீண்ட நேரம் ஓடிச் சூடாகி நின்றுபோன பம்ப் என்றால் எதையும் தொடாமல் ஆற விடுங்கள். உள்ளே இருக்கும் சூட்டு சுவிட்ச் அதை நிறுத்தியிருக்கலாம்.

மூழ்கு பம்ப் வண்டியில் இன்னும் எளிது. சமையல் குழாயில் ஓடவில்லை, வாஷ் பேசினில் ஓடுகிறது என்றால் பம்ப் நன்றாகவே இருக்கிறது. சமையல் குழாயின் அடியில் உள்ள குட்டி சுவிட்சுக்குள் ஈரம் போயிருக்கிறது.

பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் வரவில்லை

டேங்க் காலியா என்று பாருங்கள் என்று சொன்னால் கோபப்பட வேண்டாம். டேங்க் அளவைக் காட்டச் சுவரில் எரியும் நான்கு விளக்குகளை நம்பாதீர்கள், அவை பொய் சொல்லும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

தண்ணீர் இருக்கிறது, பம்ப் வழக்கத்தைவிட வேகமாக, லேசான குரலில் ஓடுகிறது என்றால் அது காற்றைத்தான் இழுக்கிறது. இளநீரில் போட்ட ஸ்ட்ராவின் மேல்பக்கம் ஒரு ஊசித் துளை இருந்தால் என்ன ஆகும்? எவ்வளவு உறிஞ்சினாலும் வாய்க்குக் காற்றுதான் வரும், துளையிலிருந்து ஒரு சொட்டு வெளியே கசியாது. டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் உள்ள ஹோஸிலும் அதேதான் நடக்கிறது. இந்தப் பகுதியில் உள்ள ஓட்டை ஈரம் காட்டாது, அதனால்தான் கண்ணில் படாமல் தப்பித்துக்கொள்கிறது. முதல் குற்றவாளி வடிகட்டியின் கிண்ணம். சுத்தம் செய்தபின் அதன் ஓ-ரிங் சரியாக உட்காராமல் போயிருக்கும், அல்லது கிண்ணம் கோணலாக முறுக்கப்பட்டிருக்கும். அடுத்தது ஹோஸ் க்ளாம்ப்.

எந்தப் பக்கம் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல ஒரு வாளி போதும். பம்ப்புக்குள் வரும் ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் அரை மீட்டர் புது ஹோஸ் ஒன்றை மாட்டி, அதன் மறுமுனையை வாளித் தண்ணீரில் போடுங்கள். குழாயைத் திறந்து பம்ப்பைப் போடுங்கள். தண்ணீர் வந்தால் பம்ப் குற்றமற்றது, டேங்க் பக்கம்தான் தேட வேண்டும். வரவில்லை என்றால் பம்ப்பின் தலையைத் திறக்க வேண்டியதுதான். உள்ளே ரப்பர் வால்வுகளின் அடியில் ஒரு மணல் துகளோ, டேங்கில் துளை போட்டபோது உதிர்ந்த பிளாஸ்டிக் சீவலோ மாட்டியிருக்கும். அதை எடுத்துக் கழுவி மூடினால் புதுப் பம்ப்தான். புதுக் காரவனிலும் இந்தச் சீவல் வரும், தொழிற்சாலையில் யாரும் டேங்கை அலசிக் கொடுப்பதில்லை போல.

இதே அறிகுறியின் இன்னொரு முகம்: முதலில் நன்றாக வருகிறது, கொஞ்ச நேரத்தில் மெலிந்து நின்றுவிடுகிறது, பம்ப்பின் குரல் கனத்துத் திணறுகிறது. நிரப்பும் வாயின் மூடியைத் திறந்து பாருங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே போய், தண்ணீர் பழையபடி வந்தால் டேங்கின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. தண்ணீர் போன இடத்துக்குக் காற்று வர வழியில்லை, டேங்க் உள்வாங்கிச் சுருங்குகிறது. மண்குளவிக்கு அந்த அளவுக் குழாய் மிகவும் பிடிக்கும். சில மாதங்கள் நிறுத்தி வைத்த வண்டி என்றால் முதலில் அங்கே ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். சுத்தம் செய்தபின் முனையில் மெல்லிய வலைத்துண்டு ஒன்றைக் கட்டிவிடுவது நல்லது.

மூழ்கு பம்ப்புக்குக் காற்று என்றால் அறவே ஆகாது. தானாக உறிஞ்சும் திறன் அதற்கு இல்லை. கேனுக்குள் அதைத் தண்ணீருக்கடியிலேயே நன்றாக ஆட்டிவிடுங்கள், குமிழி மேலே வந்ததும் வேலை செய்யும். வயரை மாற்றி மாட்டியிருந்தாலும் அது ஓடத்தான் செய்யும், ஆனால் தலைகீழாகச் சுற்றி, அரைகுறையாகத் தண்ணீர் தரும்.

எல்லாக் குழாயும் மூடியிருக்கிறது, ஆனாலும் நடுராத்திரியில் பம்ப் "டக்" என்று ஒரு தடவை ஓடுகிறது

எங்கோ அழுத்தம் கசிகிறது என்று பொருள். அடிக்கடி ஓடினால் பெரிய கசிவு, மணிக்கு ஒருமுறை என்றால் சிறியது. இது எரிச்சல் தரும் கோளாறு மட்டுமல்ல. தரைப் பலகைக்குள் தண்ணீர் இறங்கி மரம் ஊறிப்போனால் அதற்கு ஆகும் செலவில் பத்துப் பம்ப் வாங்கலாம். ஆகவே இதற்கு மட்டும் நேரம் ஒதுக்கித் தேடுங்கள். கண்டுபிடிக்கும் வரை படுக்கப் போகுமுன் பம்ப் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் ஒரு துண்டு வையுங்கள். சிங்க்கின் கீழே, கீசரின் பின்னால், ஷவரின் பின்பலகைக்குள், பம்ப்பின் இரு பக்கமும். விரலுக்குத் தெரியாத ஈரம் பேப்பரில் தெரியும். கலகாடிக்கோ ரிக்டர்ஸ்வெல்டுக்கோ, அந்த வறண்ட பாலைப் பக்கம் போய் வந்த வண்டி என்றால் இது நிச்சயம் தேவை. அந்தக் கிராவல் ரோட்டின் அலைமேடுகளில் பல மணி நேரம் அதிர்ந்து வந்த பிறகு, கையால் முடுக்கிய ஒவ்வொரு நட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். தள்ளிச் செருகும் வகை இணைப்பு கசிந்தால், பைப்பை வெளியே எடுத்து முனையை நேராக வெட்டி மறுபடி கடைசி வரை தள்ளுங்கள். சாய்வாக வெட்டிய முனைதான் பெரும்பாலும் காரணம். பிளாஸ்டிக் மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றும்போது கைபலத்தைக் காட்ட வேண்டாம், மரை பிளந்துவிடும்.

எல்லாப் பேப்பரும் காய்ந்தே இருக்கிறதா? அப்படியானால் தண்ணீர் நாம் பார்க்காத இடத்துக்குப் போகிறது. வண்டிக்கு அடியில் குனிந்து கீசரின் பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டுகிறதா என்று பாருங்கள். வெளிப்பக்க ஹோஸ் மாட்டும் வாய் நனைந்திருந்தால் அங்குள்ள தடுப்பு வால்வு தேய்ந்திருக்கிறது. இரண்டும் காய்ந்திருந்தால் மிச்சமிருப்பது ஒன்றே: பம்ப்பின் உள்வால்வு வழியாகத் தண்ணீர் டேங்குக்கே திரும்புகிறது. முன்பு சொன்ன மணல் துகள்தான். பம்ப் தலையைத் திறந்து கழுவுங்கள்.

தண்ணீர் விட்டுவிட்டுத் துடித்து வருகிறது

பம்ப் "டுக்-டுக்-டுக்" என்று நொடிக்கு நொடி அணைந்து எரிகிறது. குழாயைக் குறைவாகத் திறக்கும்போது மட்டும் இப்படி என்றால் அது கோளாறே இல்லை. பம்ப் நிமிடத்துக்கு 7 முதல் 11 லிட்டர் தள்ளக்கூடியது. நீங்கள் 2 லிட்டர்தான் கேட்கிறீர்கள் என்றால் பைப்பில் அழுத்தம் உடனே ஏறி, சுவிட்ச் அணைக்கிறது. இதைத் தணிக்கத்தான் அக்யுமுலேட்டர் என்ற சின்னக் காற்றுப்பை டேங்க். உங்கள் வண்டியில் அது இருந்தும் துடித்தால் உள்ளே காற்று குறைந்திருக்கும். பம்ப்பை அணைத்து, குழாயைத் திறந்து அழுத்தத்தை வடித்தபின், சைக்கிள் பம்ப்பால் காற்றடியுங்கள். பம்ப் மறுபடி ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும்.

முழுதாகத் திறந்தும் துடித்தால் பம்ப்புக்குப் பிறகு எங்கோ வழி குறுகியிருக்கிறது. பெரும்பாலும் குழாய் முனையில் திருகிய சல்லடை. கரூ என்ற வறண்ட உள்நாட்டுப் பகுதியின் போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், சில நாளிலேயே அதில் வெள்ளையாகப் படிந்துவிடும். கழற்றி வினிகரில் ஊறப் போடுங்கள். அப்புறம் நாள்பட்ட கரி ஃபில்டர், மடங்கிப்போன ஹோஸ். ப்ரெஷர் சுவிட்சின் ஸ்குரூவைத் திருகுவது கடைசி வழி, அதுவும் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். அதைத் திருகிச் சரிசெய்துவிட்டதாக நினைப்பவர்கள் அடைப்பை அப்படியே விட்டுவிட்டு அழுத்தத்தை மட்டும் ஏற்றிவிடுகிறார்கள்.

முகாம் குழாயில் மாட்டினால் ஒரு நேரம் வெள்ளம், ஒரு நேரம் சொட்டு

காலையில் மொத்த முகாமும் குளிக்கும்போது அழுத்தம் விழுவது இயல்பு. டிசம்பரில் எந்தக் கடற்கரை முகாமிலும் இது தினசரிக் கதை. அந்த நேரத்தில் டேங்க் தண்ணீருக்கு மாறிவிடுங்கள். ஆபத்து எதிர்ப்பக்கம்தான். நள்ளிரவில் யாரும் தண்ணீர் பிடிக்காதபோது முகாம் குழாயின் அழுத்தம் காரவன் பைப்புகள் தாங்கும் 2, 3 பாரைத் தாண்டி எகிறும். ஹோஸின் தொடக்கத்தில் ஒரு ப்ரெஷர் ரெகுலேட்டர் மாட்டுங்கள், அதுவும் முகாம் குழாயின் பக்கம், ஹோஸும் பிழைக்கும். வண்டியை விட்டு நாள் முழுக்க வெளியே போகும்போது அந்தக் குழாயை அடைத்துவிட்டுப் போங்கள்.

பச்சைத் தண்ணீர் வருகிறது, வெந்நீர் மட்டும் இல்லை

கீசரைச் சுற்றிப் போகும் பைபாஸ் வால்வை யாரோ திருப்பிவிட்டிருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள். வெந்நீர்க் குழாயில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்றால் கீசருக்குள் போகும் தடுப்பு வால்வு சுண்ணாம்பில் இறுகியிருக்கலாம்.

எல்லாக் குழாயிலும் வெதுவெதுப்பாகவே வருகிறது என்றால் வெளியே கால் கழுவும் ஷவரைப் போய்ப் பாருங்கள். கைப்பிடியின் பொத்தானை மட்டும் அணைத்துவிட்டு, சூடு, பச்சை இரண்டு திருகையும் பிள்ளைகள் திறந்தே விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் இரண்டு பைப்பும் கலந்து, பச்சைத் தண்ணீர் வெந்நீர்ப் பைப்புக்குள் புகுந்துவிடும். இதைக் கண்டுபிடிக்காமல் கீசரையே கழற்றியவர்கள் உண்டு.

கையில் தூக்கிப் போகும் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கு: பற்றவில்லை என்றால் முதலில் அதன் பேட்டரிகளை மாற்றுங்கள். பற்றிப் பற்றி அணைந்தால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. பம்ப் துடிக்கும்போதெல்லாம் கீசர் தண்ணீர் நின்றுவிட்டதாக நினைத்து நெருப்பை அணைக்கும். மேலே துடிப்புக்குச் சொன்னதைச் செய்தால் இதுவும் சரியாகும். அந்தக் கீசரை வெளியேதான் மாட்ட வேண்டும். காற்றுக்குப் பயந்து அவ்னிங்கை (வண்டியோடு சேர்த்து விரிக்கும் துணிப் பந்தலை) நாலாபக்கமும் மூடி, உள்ளே அதை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமில்லை, உயிர் போகும்.

கீசர் சூடாகும்போது பாதுகாப்பு வால்வு சில சொட்டு விடுவது சரிதான், சூடான தண்ணீர் விரிகிறது. எந்நேரமும் சொட்டினால் வால்வின் நெம்புகோலைத் தூக்கி இரண்டு மூன்று முறை தண்ணீரைப் பீய்ச்சவிட்டு அழுக்கை வெளியேற்றுங்கள். வெந்நீர் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் வால்வை மாற்ற வேண்டும். எக்காரணம் கொண்டும் அதை அடைத்து வைக்காதீர்கள்.

நாற்றம், நிறம், சுவை

வெந்நீரில் மட்டும் அழுகின முட்டை நாற்றம் என்றால் கீசருக்குள் துருவைத் தான் வாங்கிக்கொள்ளும் மக்னீசியக் கம்பியும், தண்ணீரில் உள்ள ஒருவகை பாக்டீரியாவும் சேர்ந்து செய்யும் வேலை அது. கீசரை வடித்து அலசிவிட்டு, கம்பி கரைந்திருந்தால் மாற்றுங்கள். இரண்டு தண்ணீரும் நாறினால் டேங்க் நாறுகிறது. பிளாஸ்டிக் வாடை மட்டும் என்றால் தோட்டத்துக்கு விடும் ஹோஸால் நிரப்பியிருக்கிறீர்கள். குடிதண்ணீருக்கென்று விற்கும் ஹோஸை வாங்குங்கள்.

டேங்கைச் சுத்திகரிக்க வாசனை சேர்க்காத சாதா ஜிக் (வீட்டில் வைத்திருக்கும் குளோரின் ப்ளீச்) போதும். 3.5 சதவீத ஜிக் என்றால் 60 லிட்டர் டேங்குக்குச் சுமார் 85 மில்லி. ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றி, டேங்கை நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும் வரை திறந்துவிட்டு, நான்கு மணி நேரம் விட்டுவிடுங்கள். அதற்கு முன் கரி ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும். துரு ஏறாத எஃகு கீசருக்குக் குளோரின் ஆகாது, பைபாஸ் இருந்தால் அதை விலக்கிவிடுங்கள். பிறகு வடித்து, வாடை போகும் வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஜிக்கோடு வினிகரைச் சேர்த்து ஊற்றக் கூடாது, நச்சுவாயு வரும்.

சந்தேகமான தண்ணீரைக் குடிக்க வேண்டியிருந்தால் கணக்கு வேறு: தெளிந்த தண்ணீர் 25 லிட்டருக்கு ஜிக் ஒரு டீஸ்பூன், இரண்டு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். 2023-ல் பிரிட்டோரியா அருகே ஹம்மன்ஸ்கிராலில் காலரா பரவிய பிறகு இதை நினைவில் வைத்துக்கொள்ளாத வீடு இருக்கக் கூடாது.

சிட்சிகாமா பக்கம் தண்ணீர் பழுப்பாக வந்தால் பயப்பட வேண்டாம், ஃபைன்பாஸ் செடிகளின் சாறு இறங்கிய நிறம் அது. கலகாடியின் நோசோப் முகாமில் தண்ணீர் உவர்க்கும். அதைச் சாதாரண கரி ஃபில்டர் மாற்றாது. குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சோறு வடிக்கவும் தனியாகக் கேனில் எடுத்துப் போங்கள். உவர்த் தண்ணீரில் பருப்பு வேகும் என்று காத்திருந்தால் கேஸ்தான் தீரும்.

நேற்று வரை நன்றாக இருந்தது, காலையில் மூன்று இடத்தில் ஒழுகுகிறது

டர்பன்காரர்களுக்கு வரும் வியாதி இது. நம் ஊரில் தண்ணீர் உறைவதே இல்லை, அதனால் இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்துக்கோ கிளேரன்ஸுக்கோ போகும்போது அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. உறைந்த தண்ணீர் விரிந்து, எல்போ இணைப்புகளையும் வடிகட்டிக் கிண்ணத்தையும் பம்ப்பின் தலையையும் பிளந்துவிடும். உறைந்திருக்கும் வரை ஒழுகாது, வெயில் ஏறியதும்தான் தெரியும். காலையில் குழாய் அடைத்ததுபோல் இருந்தால் பம்ப்பைப் போடாதீர்கள், கீசரையும் போடாதீர்கள். உருகும் வரை காத்திருந்து, ஒருவர் சுவிட்சில் கை வைக்க, இன்னொருவர் டார்ச்சோடு சிங்க்கின் கீழே பார்க்க, அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

தடுப்பது சுலபம். உறைபனி விழும் இரவில் ஹோஸைக் கழற்றிவிடுங்கள், பம்ப்பை அணைத்து எல்லாக் குழாயையும் திறந்து விடுங்கள், கீசரை வடித்துவிடுங்கள், வண்டியின் அடியில் உள்ள வடிகால் வால்வுகளையும் திறந்து வையுங்கள். ஒற்றைப் பிடி வகைக் குழாய் என்றால் அதை நடுவில் நிறுத்துங்கள், ஒரு ஓரத்தில் நின்றால் மற்றப் பைப்பில் தண்ணீர் தங்கிவிடும். வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றி உலர வையுங்கள், ஏனென்றால் எல்லாம் வடிந்த பிறகும் அதில் தண்ணீர் நிற்கும். காலைக் காப்பிக்கு ஒரு கேன் தண்ணீரைப் படுக்கை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.